ஏற்காட்டில் கன்று வளர்ப்பு: சிறுத்தைக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டி வீடு. ஜெர்சிக் கலப்பின மாடு ஒன்று நிறைசினை. போன ஈத்துக் கன்று பிறந்து கொஞ்ச நாளிலேயே கழிச்சலில் போய்விட்டது. இந்தத் தடவை கன்றுக்கு எவ்வளவு பால் விடுவது, எப்போது தீவனம் வைப்பது, எடை எப்படி ஏற வேண்டும், எந்தெந்த விலங்கு கன்றைத் தூக்கும், முக்கியமாகச் சிறுத்தை வருமா? இதுதான் உங்கள் கேள்வி.

சிறுத்தையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கன்றுகள் எதனால் சாகின்றன என்று வரிசை போட்டால் சிறுத்தைக்கு அங்கேயும் கடைசி இடம்தான். கழிச்சல், சளி, தொப்புள் சீழ், குடற்புழு எல்லாம் அதற்கு வெகு முன்னால் நிற்கின்றன. இவற்றில் பெரும்பகுதி முதல் நாளில் நாம் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்தது.

சீம்பாலிலிருந்து ஆரம்பிப்போம். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு தாயின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அது எதிர்ப்புப் புரதங்களைக் கடத்தாது. அதனால் கன்று ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் தரையில் விழுகிறது. அதற்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தப் புரதங்களை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும் வழி கன்றின் குடலில் பிறந்தவுடன் திறந்திருக்கும். மணிக்கு மணி அது மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். மறுநாள் குடம் குடமாகச் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் சத்துள்ள பால்தான். காவல் வேலை செய்யாது.

இதனால்தான் ஊரில் இருக்கும் ஒரு வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நஞ்சுக்கொடி விழும்வரை மடியில் கை வைக்கக் கூடாது, கன்றையும் ஊட்டவிடக் கூடாது என்பார்கள். நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ராத்திரி கன்று போட்டால் விடியும்வரை அது பட்டினி. உண்மையில் கன்று மடியை முட்டிச் சப்பும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன்தான் கருப்பையைச் சுருங்கவைத்து நஞ்சுக்கொடி விழ உதவுகிறது. ஆக, ஊட்டவிட்டால் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கும். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர், அடுத்த ஆறேழு மணி நேரத்தில் இன்னொரு தடவை, முதல் நாள் மொத்தமாகக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஜெர்சிக் கலப்பினக் கன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ இருக்கும் என்பதால் இரண்டு, இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்றால் எழுந்து நிற்க முடியாவிட்டால் கறந்து பாட்டிலில் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் சீம்பால் கேட்டு வருவார்கள், இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். முதல் நாள் கன்று குடித்து முடித்த பிறகு மிஞ்சுவதைக் கொடுங்கள். போன கன்றின் கழிச்சலுக்கு மூலகாரணம் முதல் நாளிலேயே இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதே நேரத்தில் தொப்புள். உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நனைத்துவிடுங்கள். காயும்வரை தினமும் அயோடின் வைக்க வேண்டும். மஞ்சள், சாம்பல், சாணி எதுவும் அதில் படக் கூடாது. ஈரமாகத் தொங்கும் தொப்புளில் ஈ முட்டை வைத்துப் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் இது நிறைய நடக்கிறது. காக்கையும் அதைக் கொத்தும், கொத்த ஆரம்பித்துவிட்டால் அதே காக்கை திரும்பத் திரும்ப வரும். இரைதேடும் விலங்குகள் என்று பட்டியல் கேட்டீர்களே, அதில் முதல் பெயர் இதுதான்!

இனி பால் கணக்கு. முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்பது நம் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. கேட்டால் குழப்பமாக இருக்கும், ஆனால் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர். இரண்டாம் மாதம் 37 கிலோ ஆகியிருக்கும், பதினைந்தால் வகுத்தால் ஏறக்குறைய அதே 2.5. மூன்றாம் மாதம் 49 கிலோ, இருபதால் வகுத்தாலும் அதே அளவுதான். ஆக ஒழுங்காக வளரும் கன்றுக்கு மூன்று மாதமும் தினம் இரண்டரை லிட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். கூடுதலாகத் தேவைப்படும் சத்து முழுவதும் தீவனத்திலிருந்து வர வேண்டும். மூன்று மாதத்துக்கு மொத்தம் 225 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 7,875 ரூபாய். இந்தப் பணத்தைப் பார்த்துத்தான் பலர் சொசைட்டிக்குக் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, கன்றுக்கு ஒரு காம்பில் நாலு சப்பு விடுகிறார்கள். அப்படி வளர்ந்த கிடேரி மூன்று வயதிலும் பருவத்துக்கு வராமல் நிற்கும். அதுவரை தின்ற தீவனத்தின் விலையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பாலை இரண்டு வேளையாகப் பிரித்து, கறந்த சூட்டிலேயே கொடுங்கள். ஆறிப்போனால் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கலந்து அளவைக் கூட்டாதீர்கள். கன்றின் நான்காம் இரைப்பையில் பால் முதலில் தயிர்போல உறைந்து, பிறகு மெதுவாகச் செரிக்கும். தண்ணீர்ப் பால் சரியாக உறையாது, பேதியாகும்.

பாத்திரத்தில் ஊற்றிக் குடிக்கவைப்பதை விடக் காம்பு வைத்த பாட்டில் நல்லது என்பதற்கும் காரணம் உண்டு. கன்றுக்கும் நான்கு அறை வயிறுதான். ஆனால் பிறக்கும்போது முதல் அறையான அசையூண் இரைப்பை சின்னது, வேலை செய்யாதது. நான்காவது அறைதான் பெரியது. கழுத்தை நீட்டிச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் அறைக்குக் கொண்டுபோகிறது. தலையைத் தொங்கப்போட்டு மடமடவென்று குடித்தால் கொஞ்சம் பால் முதல் அறைக்குள் தவறி விழும், அங்கே புளிக்கும், வயிறு உப்பும். வாளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால் விரலைச் சப்பவிட்டு மெதுவாகப் பழக்குங்கள்.

அந்த முதல் அறையை வளர்ப்பதுதான் மூன்று மாதத்தின் உண்மையான வேலை. பெரிய மாட்டுக்கு மொத்த வயிற்றில் எண்பது சதவீதம் அதுதான். பலர் நினைப்பதுபோல் புல்லால் மட்டும் அது தயாராவதில்லை. புல் அதன் கொள்ளளவை விரிக்கும். உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகள் வளர வேண்டுமானால் தானியம் புளித்து வரும் அமிலங்கள் தேவை. அதனால் இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனம் ஒரு பிடி வையுங்கள். முதலில் தின்னாது. பால் குடித்து முடித்த ஈர வாயில் கொஞ்சம் தடவிவிட்டால் நக்கிப் பழகிக்கொள்ளும். நீங்களே கலக்குவதென்றால் பாதி உடைத்த மக்காச்சோளம், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கடலைப் பிண்ணாக்கு, மீதி கோதுமைத் தவிடு, நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ தாது உப்புக் கலவை, ஒரு கிலோ சாதா உப்பு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். மலை ஈரத்தில் மூட்டை சீக்கிரம் பூத்துவிடும், பலகைமேல் வைத்துச் சின்ன அளவாக வாங்குங்கள். இரண்டு மாதத்தில் கன்று தினம் அரைக் கிலோவும், மூன்று மாத முடிவில் முக்கால் முதல் ஒரு கிலோவும் தின்னும். அந்த முக்கால் கிலோவைத் தொடர்ந்து மூன்று நாள் தின்றால் தைரியமாகப் பாலை நிறுத்தலாம். வயதை வைத்து நிறுத்துவதை விட இது நம்பகமானது.

முதல் வாரத்திலிருந்தே தண்ணீர் காட்டுங்கள். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பால் நான்காம் அறைக்குப் போய்விடுகிறது. முதல் அறையில் தானியம் புளிக்கத் தேவையான தண்ணீர், தனியாகக் குடிக்கும் தண்ணீரில் இருந்துதான் வரும்.

பசும்புல்லில் இளசான வேலிமசால், அகத்தி, காய்ந்த கடலைக்கொடி எல்லாம் நல்லது. இரண்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. சேலத்திலிருந்து மலிவாக மரவள்ளித் திப்பி (ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் சக்கை) ஏற்றி வந்து மாட்டுக்கு வைப்பது நம் மாவட்டத்து வழக்கம். கறவை மாட்டுக்கு அளவாகக் கலக்கலாம். கன்றுக்கு வேண்டாம், அதில் மாவுச்சத்து உண்டே தவிர புரதம் மிகக் குறைவு. பச்சை மரவள்ளி இலையும் தோலும் சயனைடு விஷம் உள்ளவை, கன்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான். இரண்டாவது, நம் சேர்வராயன் மலைச் சரிவெல்லாம் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி. வயிறு நிறைந்த மாடு அதைத் தொடாது, பசித்த கன்று கடித்துவிடும். ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். கன்றை மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் வீட்டில் ஏதாவது தின்னவைத்து ஓட்டுங்கள்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் குளிரும் சேர்ந்துகொள்கிறது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள எரிபொருள் அதிகம் செலவாகும். மார்கழி, தையில் மலையில் அந்தக் குளிர் சாதாரணம். தரையில் காய்ந்த வைக்கோல் கணுக்கால் மூடும் அளவுக்குப் போடுங்கள், ராத்திரி முதுகில் சாக்கு கட்டுங்கள், அந்த மாதங்களில் பாலை அரை லிட்டர் கூட்டிக் கொடுங்கள். காற்று நேராக அடிக்கும் பக்கத்தை மறையுங்கள், ஆனால் மேலே திறப்பு இருக்கட்டும். எல்லாவற்றையும் அடைத்து, கொசுவுக்குப் புகையும் போட்டுவிட்டால் மூத்திர நெடியும் புகையும் சேர்ந்து நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும்.

கழிச்சல் வந்தால் பாலை முழுவதும் நிறுத்திப் பட்டினி போடாதீர்கள். கன்று சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக இல்லை, நீரும் உப்பும் வெளியேறி வறண்டு போவதால். பாலுக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு லிட்டர் வீதம் இரண்டு மூன்று தடவை கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா, காது சில்லிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

மற்றவை சுருக்கமாக. குடற்புழு மருந்து பத்தாம் நாள் வாக்கில் முதல் தடவை, அப்புறம் ஆறு மாதம்வரை மாதம் ஒன்று. ஒரு வகை உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வருகிறது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கொம்புக் குருத்தை முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே தீய்த்துவிட வேண்டும். கோமாரித் தடுப்பூசி நான்காம் மாதம். கிடேரி என்றால் கருச்சிதைவு நோய்க்கான புரூசெல்லா தடுப்பூசியை 4 முதல் 8 மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே தடவை போட வேண்டும். அந்த வயது தாண்டினால் போட மாட்டார்கள்.

எடைக்குத் தராசு தேடி அலைய வேண்டாம். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்புவரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கிடைக்கும். சுற்றளவு 36, நீளம் 31 என்றால் 61 கிலோ வரும். மூன்று மாத ஜெர்சிக் கலப்பினக் கன்றுக்கு அது சரியான எடை. நாளொன்றுக்கு 400 கிராம், மாதம் 12 கிலோ என்பதைக் குறியாக வையுங்கள். ஆறு மாதத்தில் நூறு கிலோவை நெருங்கும். 220, 230 கிலோவைத் தொடும்போது, அதாவது பதினாறு பதினேழு மாதத்தில், சினை ஊசிக்குத் தயார். நாட்டு மாட்டுக் கன்றோடு இதை ஒப்பிடாதீர்கள். ஆலம்பாடியோ பர்கூரோ மெதுவாகத்தான் வளரும், அது குறையும் இல்லை.

இந்த எடைக் கணக்குக்கும் உங்கள் சிறுத்தைக் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. சிறுத்தை பெரும்பாலும் 10 முதல் 40 கிலோவரை உள்ள இரையைத்தான் தேடும். அதைவிடப் பெரியதை அடிக்கவும் முடியும், ஆனால் விரும்பி எடுப்பது இந்த அளவைத்தான். ஒழுங்காகப் பால் குடித்த கன்று மூன்றாம் மாதத்துக்குள் அந்த அளவைத் தாண்டிவிடும். பட்டினியில் வளர்ந்த கன்று ஆறு மாதமானாலும் அதற்குள்ளேயே நிற்கும்.

இயற்கையில் மாட்டினத்தின் கன்றுக்கு எதிரிகள் நிறைய. புலியும் சிறுத்தையும் செந்நாய்க் கூட்டமும் காட்டுமாட்டின் கன்றைக் குறிவைக்கும். தக்காணத்து வறண்ட வெளிகளில் ஓநாய், அமெரிக்கப் பண்ணைகளில் கொயோட்டி என்னும் நாயின விலங்கு. சேர்வராயனில் புலி கிடையாது. உங்கள் தோட்டத்துக்குள் வரும் காட்டுமாடு கன்றைத் தின்னப் போவதில்லை, ஆனால் கோமாரி இரண்டு பக்கமும் தொற்றும், மனிதரை முட்டும், அதனால் விலகியே இருங்கள். சிறுத்தை நடமாட்டம் பற்றி மலைப்பாதையில் அவ்வப்போது பேச்சு எழுகிறது, ஆகவே இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கன்றுக்கு அன்றாட ஆபத்து தெருநாய்தான். நாலைந்து நாய் சேர்ந்துவிட்டால் பிறந்த கன்றைக் கிழித்துப் போட்டுவிடும். சுற்றுலா ஊரின் குப்பையும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை நாய்க்கூட்டம் குறையாது. அடுத்தது நரி, அதுவும் எழ முடியாத கன்றைத்தான் தொடும். ஓடையோரம் மலைப்பாம்பு மிக அபூர்வம். சாரைப்பாம்பு மாட்டின் காலைச் சுற்றிப் பால் குடிக்கும் என்பது கதை, பாம்பின் வாய் உறிஞ்சும் அமைப்பு கொண்டதில்லை. காலையில் மடி வற்றிக் கிடந்தால் கன்று தும்பை அவிழ்த்துக் குடித்ததா என்றும் மடிநோயா என்றும் பாருங்கள்.

மாட்டுக்கு இந்த எதிரிகளைச் சமாளிக்கும் பழைய புத்தி இன்னும் இருக்கிறது. ஈனும் நேரத்தில் மந்தையை விட்டு ஒதுங்கும். கன்று ஈன்றதும் நக்கி ஈரத்தையும் வாடையையும் போக்கும், முடிந்தால் நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். பிறகு கன்றைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும், ஊட்டுவதற்கு மட்டும் திரும்பி வரும். கன்றும் அசையாமல் கிடக்கும். மேய்ச்சலில் ஈன்றுவிட்டுத் தனியாக வீடு திரும்பிய மாட்டைப் பார்த்துக் கன்று போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு புதரை அடித்துத் தேடவும் வேண்டாம். மாட்டை அவிழ்த்துவிட்டுத் தூரத்திலிருந்து பின்தொடருங்கள், மடி கனத்ததும் அதுவே காட்டிக்கொடுக்கும். கொட்டகையில் ஈன்றால் நஞ்சுக்கொடியைப் பக்கத்தில் எறியக் கூடாது, அந்த வாடைக்குத்தான் நாயும் நரியும் வரும். வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், குறைந்தது நாய்க்கு எட்டாது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது இன்னும் நல்லது.

இரவில் கன்றைத் திறந்தவெளியில் கட்டாதீர்கள். ஆறடிச் சுவரைச் சிறுத்தை எளிதாகத் தாண்டும் என்பதால் மேலே கூரையோ கம்பிவலையோ அவசியம். கதவுக்கு அடியில் நாய் நுழையும் இடைவெளியை அடைத்துவிடுங்கள், சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். காவலுக்கு என்று கொட்டகை வாசலில் நாயைச் சங்கிலியில் கட்டுவது மட்டும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, அதுவே கூப்பிட்டு வருவதாகிவிடும்.

அப்படியும் ஒரு கன்று அடிபட்டுவிட்டால் உடலை நகர்த்தாமல், புதைக்காமல், படம் எடுத்து வைத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். இழப்பீட்டுக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும், காதில் மாட்டிய 12 இலக்க அடையாள வில்லை இருந்தால் வேலை சுலபம். கழுத்தடியில் ஆழமான பல் குழிகள், இழுத்துச் சென்ற தடம் என்றால் சிறுத்தை. பின்னங்கால், வயிறு, காது என்று பல இடத்தில் கண்டபடி கிழிந்திருந்தால் நாய். நாய் கடித்த கன்று உயிரோடு இருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியை ஆரம்பியுங்கள். கடித்த நாளைச் சேர்க்காமல் 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள், நடுவில் ஒன்றையும் விடக் கூடாது.